எங்க வீட்டு பஸ்ஸுக்கும் ஒரு கதை போடுங்க

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம் சார். உங்க பேப்பரோட சிறுவர் இணைப்ப வாராவாரம் தவறாம வாசிக்கிறவன் நான், வாசிக்கிறவன்னு சொல்றதவிட வாசிச்சுக் காட்டுறவன்னு சொன்னா சரியா இருக்கும், ஏன்னா பேப்பர் வந்ததும் நாலு வயசு பேத்தி பக்கத்துல வந்து உக்காந்துக்கும், படிக்கலன்னா விடாது. அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். இலக்கியமெல்லாம் பெருசா தெரியாது, அதனால தப்பா ஏதாவது சொல்லியிருந்தா வெட்டிட்டு மிச்சத்த போடுங்க.

விஷயம் என்னன்னா, உங்க இணைப்புல வர்ற கதை எல்லாமே ராஜா, மந்திரி, பேராசைக்கார வியாபாரி, புத்திசாலி முயல், ஏமாந்த நரி, கடைசில ஒரு கட்டம் போட்டு நீதி. எட்டு வயசு பத்து வயசு பிள்ளைங்களுக்கு அது இருக்கட்டும், நாங்களும் அம்புலிமாமா படிச்சு வளந்தவங்கதான், 1947ல ஆரம்பிச்ச அந்த புத்தகத்துல வேதாளம் தொங்குற படத்த பாக்கறதுக்கே லைப்ரரில அடிச்சுக்குவோம். நான் கேக்கறது மூணு வயசுலேந்து ஆறு வயசு வரைக்கும் இருக்கிற பிள்ளைங்கள பத்தி. அதுங்களுக்கு ராஜான்னா யாருன்னே தெரியாது சார். பேராசைன்னா என்னன்னு கேட்டுச்சு, நான் சொன்ன விளக்கத்துல எனக்கே தூக்கம் வந்துருச்சு. அதுங்களுக்கு தெரிஞ்சது காலைல எழுந்திருக்கறது, பல்லு விளக்க அழறது, தலைக்கு ஊத்தினா கண்ணு எரியறது, வேன் வர்றது, மத்தியானம் கரண்ட் போறது, ராத்திரி பாட்டி பக்கத்துல பாய்ல படுக்கறது. அதுங்களோட உலகம் அவ்வளவுதான், ஆனா அந்த அவ்வளவுக்குள்ள அதுங்க என்னென்ன பண்ணுதுங்கன்னு பாத்தீங்கன்னா அசந்துருவீங்க.

எங்க வீட்ல சாயங்காலம் ஆனா பஸ் கிளம்பும். நாலு பிளாஸ்டிக் சேர வரிசையா போட்டு, என் பழைய தோல் பைய கழுத்துல மாட்டிக்கிட்டு (அது தரைல இழுபடும்), விசில் வாய்ல. ஒரு விசில் அடிச்சா நிக்கணும், ரெண்டு விசில் அடிச்சா கிளம்பணும், இத நான் சொல்லிக்கூட குடுக்கல, பஸ்ல போறப்ப அதுவே பாத்து கத்துக்கிட்டிருக்கு. டிக்கெட் முருங்கை இலை. பாட்டிகிட்ட வந்து "பொம்பளைங்களுக்கு ஃப்ரீ, உக்காருங்க"ன்னு சொல்லும், என்கிட்ட வந்து "தாத்தா நீ காசு குடு, சில்லறையா குடு". 2021 மே மாசம் டவுன் பஸ்ல பொம்பளைங்க டிக்கெட்டுக்கு காசு குடுக்க வேண்டாம்னு வந்துச்சே, அதுக்கப்புறம் பொறந்த பிள்ளை இது, இதோட கணக்குல உலகம் ஆரம்பிச்சதுலேந்தே அப்படித்தான்.

இந்த பஸ்ஸுக்கு ரூட் உண்டு. நான் ஓடின ரூட் கும்பகோணத்துலேந்து திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம் வழியா மயிலாடுதுறை. அதோட ரூட்டு ஹால்லேந்து கிளம்பி அடுப்பங்கரை ஸ்டாப், பாத்ரூம் ஸ்டாப், மாடிப்படி ஸ்டாப், கடைசில பாய் ஸ்டாண்டு. இதுல வேடிக்கை என்னன்னா, "குளிக்க வா"ன்னு அவ அம்மா நூறு தடவ கூப்பிட்டாலும் வராத பிள்ளை, பஸ்ஸு பாத்ரூம் ஸ்டாப்புல நின்னா தானா இறங்கிரும், ஏன்னா ஸ்டாப்புல இறங்காம உக்காந்திருந்தா கண்டக்டர் திட்டுவாருல்ல, கண்டக்டரே அதுதான் இருந்தாலும். வண்டிய கழுவணும்னு சொல்லி அதுவே தலைக்கு தண்ணி ஊத்திக்கும். சாப்பாடும் அப்படித்தான், வண்டிக்கு டீசல் போடணும், ஒரு வாய் டீசல் ரெண்டு வாய் டீசல்னு ரசம் சாதம் உள்ள போயிரும். என் மருமகன் இத பாத்துட்டு, மாமா நீங்க சர்வீஸ்ல இருந்தப்பகூட இவ்வளவு ஒழுங்கா டயத்துக்கு வண்டி ஓடினதில்லன்னு சொல்றாரு.

என் பொண்ணு டீச்சர். அவ சொன்னா, ரஷ்யாவுல பிள்ளைங்க மனச பத்தி ஆராய்ச்சி பண்ணின வைகாட்ஸ்கின்னு ஒருத்தர் 1933லயே இத பத்தி பேசியிருக்காராம், குச்சிய எடுத்து குதிரைன்னு சொல்லி பிள்ளை ஓட்டுதே அது சும்மா பொழுதுபோக்கு இல்ல, விளையாட்டுக்குள்ள பிள்ளை தன் வயசுக்கு மேல நடந்துக்கும், நிஜத்துல நிக்காத இடத்துல விளையாட்டுக்காக நிக்கும்னு. எனக்கு அந்த தியரியெல்லாம் தெரியாது, ஆனா கண்ணால பாத்தது அதேதான். இஷ்டத்துக்கு ஆடுதுன்னு நாம நினைக்கிறோம், அதுக்குள்ள நம்ம டிப்போவவிட கறாரா ரூல் இருக்கு. பக்கத்து வீட்டுப் பையன் ஃபுட்போர்டுல தொங்கினான்னு வண்டிய நிப்பாட்டி இறக்கி விட்டுருச்சு, அவன் அழுதுக்கிட்டே போனான், நான் போய் சமாதானம் பண்ணி திரும்ப ஏத்திவிட வேண்டியதா போச்சு.

சரி, இந்த பிள்ளைக்கு இது மாதிரி ஒரு கதைப்புத்தகம் வாங்கித் தரலாம்னு ஊர்ல கடைக்கு போனேன். கடைல இருந்தது மூணு வகை. ஒண்ணு நீதிக்கதை, அத சொல்லிட்டேன். ரெண்டாவது நல்ல பழக்கங்கள்னு ஒரு சார்ட்டு, டவுசர் போட்ட வெள்ளைக்கார ஜாடையில ஒரு பையன் சிரிச்சுக்கிட்டே பல்லு விளக்குவான், சிரிச்சுக்கிட்டே நகம் வெட்டுவான், சிரிச்சுக்கிட்டே ஸ்கூலுக்கு போவான், எந்த ஊர் பிள்ளை சார் இப்படி பண்ணுது. மூணாவது இங்கிலீஷ்ல கெட்டி அட்டை புத்தகம், வழவழன்னு நல்லா இருக்கு, அதுல ஒரு குழந்தை தொட்டில குளிக்குது, தனி ரூம்ல தனி கட்டில்ல கரடி பொம்மைய கட்டிக்கிட்டு தூங்குது, ஜன்னலுக்கு வெளில பனி கொட்டுது. என் பேத்தி அத பாத்துட்டு கேட்டது, "ஏன் தாத்தா இந்த பாப்பா தனியா படுத்திருக்கு, அவங்க அம்மா ஊருக்கு போயிட்டாங்களா?" அந்த புத்தகத்த குறை சொல்லல, அவங்க வீட்டு வழக்கத்த அவங்க எழுதியிருக்காங்க, அவங்க ஊர் பிள்ளைக்கு அது ரொம்ப பிடிச்சிருக்கும். நம்ம வீட்டு வழக்கத்த நாமதானே எழுதணும்.

இதுதான் என் மனக்குறை. ஒரு பக்கம் கற்பனை இருக்கு, ஆனா அதுல வீடு இல்ல, காடும் அரண்மனையும்தான். இன்னொரு பக்கம் அன்றாடம் இருக்கு, ஆனா அதுல விளையாட்டு இல்ல, உத்தரவுதான் இருக்கு, எழுந்திரு, துலக்கு, கழுவு, படி. பிள்ளைங்ககிட்ட இது ரெண்டும் பிரிஞ்சே இல்லையே சார். குளிக்கிற மக்குதான் மழை, தலகாணிதான் மலை, அம்மாவோட துப்பட்டாவ தலைல கட்டினா அதுதான் நீள ஜடை, கட்டிலுக்கு அடியில போனா வீடு. டீச்சர் விளையாட்டுல திண்ணைத் தூண் அத்தனையும் ஸ்டூடண்ட்ஸ், அதுல ஒரு தூண் மட்டும் எப்பவும் ஹோம்ஒர்க் பண்ணாது, தினமும் அதுக்கு அடி.

இதெல்லாம் வெளிநாட்டு சரக்கு, நம்ம மரபுல பிள்ளைக்கு சொன்னா நீதிதான் சொல்லணும்னு சிலர் சொல்லுவாங்க, எங்க தெரு வாசகர் வட்டத்துலயே ஒருத்தர் சொன்னாரு. அவருக்கு நான் பெரியாழ்வார ஞாபகப்படுத்தினேன். சாரங்கபாணி கோயில் பக்கம் வளந்தவனுக்கு பிரபந்தம் காதுல விழாம இருக்குமா. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே அந்த மனுஷன் என்ன பாடியிருக்காரு பாருங்க: கண்ணன சின்ன பிள்ளையா நினைச்சு, அந்த பிள்ளைய குளிப்பாட்ட ஒரு பத்து பாட்டு, தலை வார ஒரு பத்து, பூ வைக்க ஒரு பத்து, தொட்டில்ல போட்டு தூங்க வைக்க ஒரு பத்து. "வெண்ணெய் அளைந்த குணுங்கும் விளையாடு புழுதியும் கொண்டு" அப்படின்னு ஆரம்பிக்குது குளியல் பாட்டு, உடம்பெல்லாம் வெண்ணெய் நாத்தம், விளையாடின புழுதி, இப்படியே ராத்திரி படுக்க விடமாட்டேன், எண்ணெயும் புளிப்பழமும் வச்சுக்கிட்டு எவ்வளவு நேரமா காத்துக்கிட்டிருக்கேன்னு அந்த அம்மா சொல்றா. எங்க வீட்ல வெள்ளிக்கிழமை நடக்கறது அப்படியே இதுதான், எங்க வீட்ல சீயக்காய், அங்க புளி. தலை வாரும்போது காக்காவ கூப்பிடுறா, அக்காக்காய் வந்து இவன் தலைய வாரிவிடுன்னு. காக்கா எங்கயாவது தலை வாருமா? வாராது. ஆனா பிள்ளை காக்கா வருதான்னு அண்ணாந்து பாத்துக்கிட்டிருக்கிற நேரத்துல அம்மா சிக்கு எடுத்துருவா. கண்ணன் தெய்வம்தான், யார் இல்லன்னா, ஆனா பாட்டுல இருக்கிற வேலை முழுக்க ஒரு வீட்டு வேலை, அதுக்குள்ள ஒரு கற்பனை. இதுக்கு மேல மரபு எங்க இருக்கு.

கவிமணியோட "தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு" பாட்டையும் எடுத்துக்கோங்க. பசு மேயுது, கன்னுக்குட்டி துள்ளுது, அம்மான்னு கூப்பிட்டா ஓடி வருது. அவ்வளவுதான். பால் குடிச்சா பலம் வரும்னு கடைசில ஒரு வரி போடல அவரு. அதனாலதானோ என்னவோ இத்தன காலமா பிள்ளைங்க வாய்ல நிக்குது. (பாரதியார் ஓடி விளையாடு பாப்பான்னு பிரமாதமா ஆரம்பிச்சு, போகப் போக பொய் சொல்லாத, புறம் சொல்லாதன்னு போயிருவாரு, ஆனா மாலை முழுதும் விளையாட்டுன்னு டைம்டேபிள்லயே எழுதிக் குடுத்தவரு அவருதான், அதுக்காக அவர மன்னிச்சு விட்டுரலாம்.)

ஒழுக்கத்த யார் சொல்லிக்குடுக்கிறதுன்னு கேட்டா, நாள் பூரா நாமதான சொல்லிக்கிட்டிருக்கோம், சாப்பிடு, சிந்தாத, கத்தாத, செருப்ப ஒழுங்கா விடு. ராத்திரி கதை கேக்கற கால் மணி நேரமாவது அதுக்கு ரெஸ்ட் குடுக்கலாம். இன்னொண்ணு, பிள்ளைங்க இந்த வயசுல ஒரே கதைய திரும்பத் திரும்ப கேக்கும், பெரியவங்களுக்கு அலுப்பா இருக்கும், அதுக்கு அலுக்காது. அடுத்த பக்கத்துல என்ன வரும்னு முன்னாடியே தெரிஞ்சு அத தானே சொல்றதுல அதுக்கு ஒரு பெருமை. அதனால கதைல ஒரு வரி திரும்பத் திரும்ப வரணும், "போலாம் ரைட்" மாதிரி, எழுத்து தெரியாத பிள்ளையும் அந்த இடம் வந்தா கூட கத்தணும். நீதி எழுத வந்தவங்க இத கவனிக்கறதே இல்ல, ரெண்டு பக்கத்துக்கு நீளமா வாக்கியம் எழுதிடறாங்க, அதுவும் "அவ்விடம் சென்றடைந்தான்"னு, வாசிச்சுக் காட்டுற எனக்கே நாக்கு சுளுக்கிக்குது, நான் பாதி இடத்துல "அங்க போனான்"னு மாத்தித்தான் வாசிக்கிறேன்.

நல்ல புத்தகமே தமிழ்ல இல்லன்னு நான் சொல்லல. சென்னைல தூலிகா பதிப்பகம் 1996லேந்து போடுறாங்க, தமிழும் இங்கிலீஷும் சேந்து வர்ற படப்புத்தகம்கூட அவங்ககிட்ட உண்டு. பிரதம் புக்ஸ் 2004லேந்து இருக்கு, அவங்க 2015ல ஸ்டோரிவீவர்னு ஒண்ணு நெட்ல ஆரம்பிச்சு தமிழ்லயும் கதைங்கள இலவசமா வச்சிருக்காங்க, என் பொண்ணு போன்ல காட்டினா, முதல் படி கதைன்னா 250 வார்த்தைக்கு மேல போகாது, படம்தான் பாதி கதை சொல்லும். பாரதி புத்தகாலயத்துலயும் சின்ன பிள்ளைங்களுக்குன்னு தனியா வருது. ஆனா இதெல்லாம் புத்தகக் கண்காட்சிக்கு போறவங்க கைக்குத்தான் வருது சார். எங்க ஊர் மாதிரி இடத்துல, அதுக்கும் தள்ளி இருக்கிற கிராமத்துல, கடைல கைடும் நோட்டும்தான் தொங்குது. நல்லா கலர்ல அச்சடிச்சா விலை ஏறிடுது, விலை ஏறினா வாங்க ஆள் கம்மி, ஆள் கம்மின்னா கடைக்காரர் எடுக்க மாட்டேங்கிறாரு. போன்லயே காட்டலாமேன்னா, உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னபடி ரெண்டுலேந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் ஸ்கிரீனுக்கு மேல்வரம்பு, கம்மியா இருந்தா இன்னும் நல்லதுன்னும் சொல்லியிருக்காங்க. அந்த ஒரு மணி நேரத்த சோறு ஊட்டுற நேரத்துலயே எல்லா வீட்லயும் செலவு பண்ணிடறாங்க, கதைக்கு பாக்கி எங்க.

அங்கன்வாடிய நினைச்சுப் பாருங்க, தமிழ்நாட்ல 54 ஆயிரத்துக்கு மேல இருக்கு, அங்க ஆட்டமும் பாட்டும் நல்லாவே நடக்குது, எங்க தெரு அங்கன்வாடி டீச்சர் பாடற பாட்டு பூரா பேத்திக்கு மனப்பாடம். ஆனா பிள்ளை வீட்டுக்கு எடுத்துட்டு வர்ற மாதிரி, கிழிஞ்சாலும் பரவால்லன்னு குடுக்கற மாதிரி புத்தகம்? பீரோக்குள்ள இருக்கிற புத்தகத்த கிழிஞ்சிரும்னு பூட்டி வைக்கிற பழக்கம் நம்ம ஊர்ல நிறைய இடத்துல இருக்கு, அவங்களையும் தப்பு சொல்ல முடியாது, ஆடிட் வந்தா கணக்கு காட்டணும்.

இங்கதான் உங்க பேப்பர் வருது. கிழிஞ்சா யாரும் கவலைப்படாத ஒரே பொருள் செய்தித்தாள்தான். என் யோசனை இது: மாசத்துல ஒரு தடவ இணைப்புல ஒரு முழுப் பக்கத்த சின்ன பிள்ளைங்களுக்கு குடுங்க. அந்த பக்கத்த எட்டு கட்டமா பிரிச்சு, மேல் வரிசை நாலையும் தலைகீழா அச்சடிச்சு, நடுவுல ஒரே ஒரு வெட்டு வெட்டச் சொல்லி கோடு போட்டீங்கன்னா, மடிச்சா எட்டு பக்க குட்டி புத்தகம் வந்துரும். பசை வேண்டாம், பின் வேண்டாம். வீட்ல யாராவது கத்தரிக்கோல் புடிச்சா போதும், மடிக்கறதே பிள்ளைக்கு ஒரு விளையாட்டு. கட்டத்துக்கு ஒரு வரி, ரெண்டு வரி, பெரிய எழுத்துல. முதல் கட்டம் அட்டை, அதுல பிள்ளை தன் பேர எழுதிக்கிற மாதிரி ஒரு கோடு விடுங்க.

கதைக்கு பஞ்சம் வராது. எழுத்தாளர்ங்க எழுதட்டும், கூடவே வாசகர்ங்ககிட்டயும் கேளுங்க, உங்க வீட்டு பிள்ளை இந்த வாரம் என்ன விளையாடுச்சுன்னு நாலு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்க, தபால் மூட்டை மூட்டையா வரும் பாருங்க. மாவு அரைக்கிற கிரைண்டர் ராட்டினமாகறது, தண்ணி லாரி வந்தா குடமெல்லாம் க்யூல நிக்கிற ஜனங்களாகறது, கரண்ட் போனா சுவத்துல கையால மான் கொம்பு நிழல் பண்றது, தீபாவளி அட்டைப்பெட்டி வீடாகறது, மிக்ஸி மூடி ஸ்டீயரிங் ஆகறது. படம் போடறவங்க மட்டும் தயவு செஞ்சு நம்ம வீட்ட பாத்து போடணும், புகைபோக்கி வச்ச ஓட்டு வீடும் செவப்பு கன்னமும் வேண்டாம். அடுப்பங்கரைல எப்பவும் அம்மாவையே நிக்க வைக்காதீங்க, எங்க வீட்ல பாத்திரம் தேய்க்கிறது மருமகன்தான். பஸ் ஓட்டுறது பொண்ணா இருக்கட்டும், குமரி மாவட்டத்துல வசந்தகுமாரி அம்மா 1993லயே அரசு பஸ் ஓட்ட வந்துட்டாங்க, கதைல இன்னும் வரல. ஆரம்பத்துல எழுத ஆள் கிடைக்கலன்னா, ஸ்டோரிவீவர்ல இருக்கிற கதைங்கள எழுதினவங்க, படம் போட்டவங்க பேர போட்டு மறுபடி அச்சடிக்க அவங்க லைசென்ஸே இடம் குடுக்குதுன்னு என் பொண்ணு சொல்றா, உங்க வக்கீல்கிட்ட ஒரு தடவ கேட்டுக்கோங்க.

ரெண்டு எச்சரிக்கை. பேப்பர்ல பஜ்ஜி கட்டாதீங்கன்னு 2016லயே உணவு பாதுகாப்பு ஆணையம் சொல்லிருச்சு, மை நல்லதில்லன்னு, அதனால எல்லாத்தையும் வாய்ல வைக்கிற வயசு பிள்ளைங்களுக்கு இது வேண்டாம், மூணு வயசுக்கு மேலன்னு முதல் கட்டத்துலயே போட்டுருங்க. அப்புறம் மடிப்பு வர்ற இடத்துல எழுத்தோ முகமோ வரக்கூடாது, எட்டா மடிச்சா அங்கதான் முதல்ல நைஞ்சு போகும். செலவுக்கு என்ன பண்றதுன்னு நிர்வாகத்துல கேப்பாங்கன்னு தெரியும். அந்த தாளோட பின்பக்கம் மடிப்புக்குள்ள போயிரும், பிள்ளைக்கு தெரியாது, அங்க முழுப் பக்கத்துக்கும் ஜவுளிக்கடை விளம்பரம் போட்டுக்கோங்க, எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர்,
கும்பகோணம்.